மஞ்சளேறிய பழைய பிளாஸ்டிக் பொம்மைகளை மறுபடி வெள்ளையாக்க முடியுமா?

கேள்வி: கும்பகோணத்தில் இருக்கிறோம். கொலுவில் பார்க் கட்ட வைத்திருக்கும் பழைய லீகோ கட்டைகள், வெள்ளைக் கார், ரோபோ எல்லாம் டீ நிறத்துக்கு வந்துவிட்டன. சோப்புப் போட்டும் போகவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முடியும். மெடிக்கலில் விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் மொட்டைமாடி வெயிலும் போதும். ஆனால் எல்லாப் பொம்மைக்கும் ஒத்துவராது. அதனால் முதலில் பேட்டரி மூடியைக் கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கள். சோப்புக்கும் போகாமல், உள்ளே வெள்ளை, வெளியே மஞ்சள் என்றால் அது அழுக்கில்லை. லீகோ கட்டையும் பெரும்பாலான கெட்டி வெள்ளைப் பொம்மைகளும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். அதில் கலந்திருக்கும் ரப்பர் சத்தை வெயில், சூடு, காற்று மூன்றும் சேர்ந்து அரிக்கும்போது மேல்தோலில் மஞ்சள் நிறச் சேர்மங்கள் உண்டாகின்றன. பெராக்சைடு அவற்றை நிறமற்றதாக்கும், அவ்வளவுதான். அரிபட்ட தோல் அப்படியேதான் இருக்கும். தொட்டாலே நொறுங்குகிற பொம்மையில் கைவைக்காதீர்கள்.

விளக்குப் புகை, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பாத்திரம் தேய்க்கும் லிக்விடில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பிசுக்குள்ள இடத்தில் மருந்து பிடிக்காமல் திட்டுத்திட்டாக வெளுக்கும். ஸ்க்ரூ, ஸ்பிரிங், மோட்டார், ஸ்டிக்கர் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். பெயின்ட் அடித்த கண், மூக்கு வெளிறிப்போகும். கழற்ற முடியாத ஸ்டிக்கர் இருந்தால் அந்தப் பாகத்தை விட்டுவிடுவது நல்லது.

மெடிக்கலில் 6 சதவீத பெராக்சைடு கேளுங்கள். பாட்டிலில் 20 வால்யூம் என்று போட்டிருக்கும், இரண்டும் ஒன்றுதான். தண்ணீர் கலக்க வேண்டாம். பழைய பாட்டில் என்றால் வெட்டிய உருளைக்கிழங்கில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைக்காவிட்டால் வேறு வாங்குங்கள். கட்டைகளும் சிறு பாகங்களும் நன்றாக முங்க ஒரு லிட்டர் சரியாக வரும்.

பாத்திரம் விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். கும்பகோணத்தில் கைக்கு முதலில் வருவது பித்தளைத் தாம்பாளம். அது வேண்டவே வேண்டாம். செம்பும் இரும்பும் பட்டால் பெராக்சைடு அங்கேயே நுரைத்து வீணாகிவிடும். நிறமற்ற பிளாஸ்டிக் டப்பாவோ கண்ணாடி ஜாடியோ போதும். தண்ணீரிலும் இதே கதைதான். வாளியின் அடியில் செம்மண் நிறக் கறை படிகிற போர் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. அதில் கழுவிய பாகங்களை அப்படியே போடாமல் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு தடவை அலசிப் போடுங்கள்.

டப்பாவை இறுக்கி மூடாதீர்கள். ஆக்சிஜன் வெளியேற வழியில்லாவிட்டால் மூடி தெறிக்கும். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். மருந்து பட்ட தோல் வெள்ளையாகி எரியும். பிளீச்சிங் பவுடர், வினிகர் எதையும் கூடச் சேர்க்க வேண்டாம்.

காலை 9 மணிக்கு வெயிலில் வைத்தால் மணிக்கு ஒரு தடவை பாருங்கள். பாகங்களின் மேல் பொடிப்பொடியாகக் குமிழ் ஒட்டிக்கொண்டு அவற்றை மிதக்கவிடும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்துக்கு மருந்து எட்டாது. பிளாஸ்டிக் கரண்டியால் தட்டிப் புரட்டிவிடுங்கள். லேசான மஞ்சள் 4 மணி நேரத்தில் போகும். டீ நிறம் என்றால் இரண்டு நாள்கூட ஆகலாம். முழு வெள்ளைக்குக் கொஞ்சம் முன்பே நிறுத்திவிடுங்கள். மிச்சத்தையும் எடுக்கிறேன் என்று இழுத்தால் சாம்பல், நீல, சிவப்புக் கட்டைகளில் வெண்பூச்சு போல ஒரு படலம் படியும். அதை மீட்க வழியில்லை.

சித்திரை வெயிலில் டப்பாவைச் சிமென்ட் தரையில் நேராக வைத்தால் மெல்லிய பாகங்கள் கோணிவிடும். பலகை போட்டு வையுங்கள். டப்பாவைத் தொட்டால் கை பொறுக்கும் சூடுதான் எல்லை. கொலுவுக்கு ஆவணியிலேயே முடித்துவிடுவது உத்தமம். ஐப்பசி மழையில் மாடியில் எதுவும் நடக்காது.

டப்பாவில் அடங்காத பெரிய ரோபோவுக்கு பியூட்டி பார்லர் சாமான் கடையில் கிடைக்கும் 12 சதவீத, அதாவது 40 வால்யூம், கிரீம் டெவலப்பரை (முடிக்குச் சாயம் போடும்போது கலக்கும் பெராக்சைடு கிரீம்) பிரஷ்ஷால் தடவி, கிளிங் ராப் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி வெயிலில் வைக்கலாம். ஆனால் இது இரண்டாந்தர வழி. கடுகளவு காற்றுக்குமிழ் உள்ளே நின்றாலும் அங்கே வட்டமாக மஞ்சள் தங்கிவிடும். ஓரம் காய்ந்தால் வரிவரியாகத் தெரியும். அரைமணிக்கொரு முறை கிரீமை நீவிவிட்டு, காய்ந்த இடத்தில் மறுபடி தடவ வேண்டும்.

பார்பி மாதிரி மெத்தென்ற வினைல் பொம்மையை வெயிலில் வைக்காதீர்கள், பிசுபிசுக்கும். கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக் பாகங்களின் மஞ்சளுக்கு இந்த வைத்தியம் கேட்காது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை காகிதக்கூழில் செய்தது, ஈரத்துணிகூட ஆகாது.

மஞ்சள் திரும்பவும் வரும். இருட்டில் வைத்தாலும் மெதுவாக வரும், சூட்டில் வேகமாக வரும். ஆகவே கொலு முடிந்ததும் தகரக் கூரைக்குக் கீழே பரணில் ஏற்றாமல், நன்றாகக் காயவிட்டு, துணி சுற்றி, பீரோவின் கீழ்த்தட்டில் வையுங்கள். மிச்ச பெராக்சைடை நிறையத் தண்ணீர் ஊற்றிச் சாக்கடையில் விடலாம், செடிக்கு வேண்டாம்.