ஒரு கையொப்பத்துக்கு 45,000 ரூபா கொடுக்கலாமா?

கேள்வி: சுவாமி விபுலாநந்தரின் நாடக ஆராய்ச்சி நூலான ‘மதங்கசூளாமணி’ முதற்பதிப்பு விலைக்கு வந்திருக்கிறது. முதல் தாளில் சுவாமியின் கையொப்பம் உண்டு என்று 60,000 ரூபா கேட்கிறார் பழைய புத்தக வியாபாரி. கையொப்பம் இல்லாத பிரதி என்றால் 15,000தானாம். நம்பி வாங்கலாமா?
— வாசகர், கல்லடி

பதில்: முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். மேலதிகமாகக் கேட்கும் 45,000 ரூபாவும் அந்தக் கையொப்பத்துக்குத்தான். அதை நிரூபிக்க வேண்டியவர் விற்பவர்.

முதலில் பதிப்பைப் பாருங்கள். இந்நூல் மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக 1926இல் வந்தது. தலைப்புத் தாள் கிழிந்திருந்தாலோ, போட்டோ பிரதி எடுத்து ஒட்டியிருந்தாலோ முதற்பதிப்பு விலை கொடுக்க வேண்டாம். பழைய நூல்களில் தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் அதுவும் போதாது. 60 வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும்.

இனிக் கையொப்பம். காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன், 1924இல் துறவு பூண்ட போதுதான் விபுலாநந்தர் ஆனார். அதற்கு முந்திய திகதியோடு அந்தப் பெயர் எந்தப் புத்தகத்தில் இருந்தாலும் பொய். போல்பொயின்ட் பேனை சந்தைக்கு வந்ததே 1945 அளவில். முப்பதுகளின் திகதி போட்டு அந்தப் பேனையால் எழுதியிருந்தால் பேச்சை அத்தோடு முடியுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று கொண்டுபோங்கள். ஊற்றுப் பேனை மை கோடுகள் குறுக்கிடும் இடத்தில் கறுத்துத் தெரியும். அச்சடித்த ஒப்பம் ஒரே சீராக இருக்கும். நாட்பட்ட தாளில் இப்போது எழுதினால் மை ஓரங்களில் மயிர்போலப் பரவுவதுண்டு.

சுவாமியின் இசை ஆராய்ச்சி நூலான ‘யாழ் நூல்’ ஒப்பத்தோடு கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் இன்னும் கடுமையாக விசாரியுங்கள். அது அரங்கேறியது 1947 ஜூனில், தமிழ்நாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில். ஜூலை 19இல் சுவாமி மறைந்துவிட்டார். கையொப்பமிட அவருக்கு எத்தனை வாரம் இருந்திருக்கும்!

எல்லாவற்றிலும் மேலாக, புத்தகம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேளுங்கள். 1978 சூறாவளியும் 2004 சுனாமியும் இந்த மட்டக்களப்புக் கரையோரத்தில் எத்தனையோ அலுமாரிகளைக் கொண்டுபோயின. நாவலடி வீட்டுப் புத்தகம் என்று சொல்லிக்கொண்டு ஒரு நீர்க்கறைகூட இல்லாமல் வந்தால், அலைக்கு எப்படித் தப்பியது என்று அவர் சொல்லத்தான் வேண்டும். வெறும் ஒப்பத்தைவிட, இன்னாருக்கு என்று பெயர் எழுதிக் கொடுத்த பிரதியே எனக்குப் பெரிது. அந்தப் பெயரைத் தேடிப் போகலாம், குடும்பத்தாரிடம் விசாரிக்கலாம்.

இவ்வளவும் சரி என்றால், ‘கையொப்பம் அசல், அல்லவெனில் பணம் திருப்பித் தரப்படும்’ என்று பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் 15,000க்கு மேல் ஒரு சதமும் வேண்டாம். எழுதித் தந்தும் ஏமாற்றினால், அந்தச் சீட்டோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977.

வாங்கினீர்களானால் கையொப்பத்தின் மேல் டேப் ஒட்டவோ லமினேட் செய்யவோ வேண்டாம். மாரி தொடங்குமுன் அலுமாரியைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். கறையானும் ராமபாணப் பூச்சியும் ஈரச் சுவர் வழியாகத்தான் வரும்.