எஸ்டேட் ஊர்ல கார்டன் கிளப் எப்படி வந்துச்சு, அதனால ஊருக்கு என்ன பயன்?

நம்ம மலேசியாவுல தோட்டம்னாலே பால்மரமும் (ரப்பர்) செம்பனையும்தான், கிளப்னு சொன்னா பெரியவங்களுக்கு துரைமாருங்க கிளப்தான் ஞாபகம் வரும். ஆனா நீங்க கேக்குற கிளப்போட வேர் எஸ்டேட் தொழிலாளிங்க வரிசையா குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னாடி இருக்கு. ஜப்பான்காரன் காலத்துல, 1945 வரைக்கும், அரிசி கிடைக்காம மரவள்ளிக்கிழங்கு நட்டுதான் நம்ம தாத்தா பாட்டிங்க உயிர் பொழச்சாங்க. அப்புறம் 1974ல பிரதமர் துன் ரசாக் அரசாங்கம் பச்சைப் புத்தகத் திட்டம்னு கொண்டுவந்து வீட்டுக்கு வீடு காய்கறி போடச் சொன்னுச்சு.

எஸ்டேட்டுங்க கைமாறி, சனங்க ஃபிளாட்டுக்குப் போனப்பதான் அந்தப் பின்கட்டு போச்சு, அது பெரிய இழப்புங்க, கறிவேப்பிலைய காசு குடுத்து வாங்குற நிலைமை வந்துருச்சு.

சுங்கை சிப்புட் பக்கம் எங்க ஊர்ல கோயிலுக்குப் பின்னாடி காலியா கெடந்த நெலத்துல கொஞ்சம் பேர் சேர்ந்து ஆரம்பிச்சதுதான் எங்க கிளப். பால்வெட்டுல இருந்து ஓய்வான பாட்டி ஒருத்தவங்க முருங்கைக் கொம்ப சாய்வா வெட்டி, மேல் நுனியில சாணிய உருண்டையா அப்பி நடுவாங்க, மழைத்தண்ணி உள்ள எறங்கி அழுகாதாம், இத எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லித் தருவாங்க? சின்னப் பசங்க பக்கத்துல குந்திப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. பக்கத்து மலாய்க்கார அக்கா செரையும் (எலுமிச்சைப் புல்) வாசனைக்குப் போடுற பண்டான் இலையும் கொண்டாந்து குடுத்துட்டு நம்ம வெண்டைக்காய வாங்கிட்டுப் போவாங்க. திருவிழா அன்னதானத்துக்கு வாழையிலையும் கீரையும் இப்ப அங்கேருந்துதான் போகுது.