வெயிலில் எரியும் தோலுக்கு மூலிகைக் காப்சூல் வாங்கலாமா?

கேள்வி: முகப்பருவுக்கு டாக்சிசைக்ளின் சாப்பிடுகிறேன். கொஞ்ச நேரம் வெயிலில் நின்றாலே மூக்கும் புறங்கையும் சிவந்து எரிகின்றன. கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் காப்சூல் இருந்தால் சன்ஸ்கிரீன் வேண்டாம் என்று ஒரு விளம்பரத்தில் பார்த்தேன். வாங்கலாமா?

பதில்: சன்ஸ்கிரீனுக்குப் பதிலாக என்றால் வேண்டவே வேண்டாம். உங்கள் எரிச்சலுக்குக் காரணம் டாக்சிசைக்ளின்தான். தோலை எட்டிய அந்த மருந்து வெயிலில் உள்ள யுவிஏ என்ற புற ஊதாக் கதிரை உறிஞ்சி, அந்த ஆற்றலைப் பக்கத்திலுள்ள ஆக்சிஜனுக்குக் கடத்துகிறது. ஆற்றல் ஏறிய அந்த ஆக்சிஜன் செல் சவ்வின் கொழுப்பைத் தாக்குவதால்தான் எரிச்சல். கிரீன் டீயில் உள்ள இஜிசிஜி என்ற வேதிப்பொருள் அந்த ஆக்சிஜனை அடக்கக்கூடியதுதான். ஆனால் விழுங்கியதில் சொற்பமே ரத்தத்தில் சேர்கிறது. கதிரையும் அது தடுக்காது.

சன்ஸ்கிரீனோடு சேர்த்துச் சாப்பிட நினைத்தாலும் முதலில் லேபிளைப் படியுங்கள். '500 மி.கி. எக்ஸ்ட்ராக்ட், 50% இஜிசிஜி' என்றால் உள்ளே இருப்பது 250 மி.கி. சதவீதமே போடாத டப்பாவைத் தொடாதீர்கள். இஜிசிஜி நாளுக்கு 800 மி.கி.யை எட்டினால் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் ரத்தத்தில் உயரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. காப்சூலில் இரும்பு, துத்தநாகம், கால்சியம் கலந்திருந்தால் அவை டாக்சிசைக்ளினைப் பிடித்துக்கொள்ளும். மருந்து உடம்பில் சரியாகச் சேராது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட், கார்போகரிசி இரண்டும் மூலிகைகள்தான், ஆனால் தாங்களே தோலை வெயிலுக்குக் கூச வைப்பவை. அவை கலந்த எதுவும் உங்களுக்கு ஆகாது.

அந்தப் பணத்துக்கு நல்ல சன்ஸ்கிரீன் வாங்குங்கள். டப்பாவில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண் பெரும்பாலும் யுவிபி என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிரின் தடுப்பைத்தான் சொல்கிறது. உங்களுக்குத் தேவை யுவிஏ தடுப்பு. எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், யுவிஏவையும் தடுக்கும் என்பதைக் காட்டும் 'பிராட் ஸ்பெக்ட்ரம்' அல்லது 'பிஏ++++' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். புறங்கைக்குத் தனியாக எடுங்கள். பலர் விட்டுவிடும் இடம் அதுதான். வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். யுவிஏ ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும் என்பதால் கார் பயணத்திலும் பூச வேண்டும்.

மாத்திரையை இரவுக்கு மாற்றினால் தப்பிக்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். ரத்தத்தில் இந்த மருந்து பாதியாகக் குறையவே 16 முதல் 22 மணி நேரம் ஆகும், விடிந்ததும் போய்விடாது. படுக்கப்போகும் நேரத்தில் விழுங்கினால் உணவுக்குழாய் புண்ணாகும் ஆபத்து வேறு.

கொப்புளம் வந்தாலோ நகம் சதையை விட்டுத் தூக்கினாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வெயிலில் எரிகிறது என்று சொல்லி வேறு மருந்து கேளுங்கள்.