நாய்க்குக் காப்புறுதி: முதல் 30 நாட்களில் கவனிக்க வேண்டியவை

கேள்வி: எங்கள் ஐந்து மாத லாப்ரடோர் குட்டிக்குக் காப்புறுதி எடுத்து ஒன்பதாம் நாள் உண்ணிக் காய்ச்சல் வந்துவிட்டது. இரத்தப் பரிசோதனை, ஊசி, சேலைன் என்று செலவான காசைக் கேட்டால், ‘காத்திருப்புக் காலம் 30 நாள்’ என்று நிறுவனம் கைவிரிக்கிறது. கட்டுப்பணத்தை மட்டும் முதல் நாளே வாங்கிக்கொண்டார்களே, இது நியாயமா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: காப்புறுதிப் பத்திரத்தில் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் 30 நாள் என்று எழுதியிருந்தால், அந்த நாட்களுக்குள் வந்த நோயின் செலவு திரும்பக் கிடைக்காது. வருத்தமான விடயம்தான், ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது. உண்ணிக் காய்ச்சலைத் தரும் எர்லிகியா என்ற கிருமி, உண்ணி கடித்து ஒன்று முதல் மூன்று வாரம் கழித்தே காய்ச்சலாக வெளிப்படும். உண்ணி பரப்பும் மற்றொரு கிருமியான பபீசியாவும் அநேகமாக அப்படித்தான். ஆகவே ஒன்பதாம் நாள் சுருண்டு படுத்த குட்டியை, நீங்கள் கையொப்பம் இடுவதற்கு முன்பே உண்ணி கடித்திருக்கக்கூடும். நாய் சோர்ந்த பிறகு ஓடிவந்து காப்புறுதி எடுப்பவர்களைத் தடுக்கவே இந்தக் காலத்தை வைத்திருக்கிறார்கள். விபத்துக்கு அப்படி ஒளிந்திருக்கும் காலம் இல்லை. அதனால் ஆட்டோ மோதிய காயம் போன்றவற்றுக்குப் பல பத்திரங்களில் காத்திருப்பே இல்லை, அல்லது சில நாட்கள்தான்.

இந்த ஒரு பில்லை விட உங்களுக்குப் பெரிய சிக்கல் இனித்தான் இருக்கிறது. காத்திருப்புக் காலத்தில் தலைகாட்டிய நோயை ‘முன்பே இருந்த நோய்’ என்று பதிவுசெய்வது காப்புறுதியில் வழமை. அப்படிப் பதிந்துவிட்டால் 31ஆம் நாளுக்குப் பிறகும் அதே நோய்க்குப் பணம் வராது. உண்ணிக் காய்ச்சல் இதில் மிகவும் பொல்லாதது. எர்லிகியா உடலுக்குள் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் கிடந்து, பிறகு மூக்கில் இரத்தமாக வெளிப்படலாம். பபீசியாவில் கிப்சோனி என்ற வகை மருந்துக்குப் பிறகும் முற்றாக நீங்காமல் தங்கிவிடுவது உண்டு. அடுத்த வருடம், இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகள் குறைந்தால், பழைய கோப்பைப் புரட்டி ‘இது அதன் தொடர்ச்சி’ என்பார்கள்.

ஆகவே இப்போதே இரண்டு வேலை செய்யுங்கள். சிகிச்சை முடிந்ததும் இரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்து, குணமான திகதியை மிருக வைத்தியரிடம் எழுத்தில் வாங்குங்கள். பிறகு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, இந்த நோய் நிரந்தரமாக விலக்கப்பட்டதா, அறிகுறியில்லாமல் குறித்த காலம் கடந்தால் மீண்டும் சேர்க்கப்படுமா என்று கேளுங்கள். சில பத்திரங்கள், குணமாகக்கூடிய நோய்க்கு அப்படி வழிவிடுகின்றன. முகவர் தொலைபேசியில் சொன்னது பின்னால் உதவாது.

நாட்களை எண்ணுவதிலும் பலர் தவறுகிறார்கள். ஜூன் 1 விண்ணப்பம், 3 பணம், பத்திரத்தில் தொடக்கத் திகதி 5 என்றால், எண்ண வேண்டியது 5இலிருந்து. 30 நாள் ஜூலை 4 நள்ளிரவோடு முடியும். பார்ப்பது பில்லின் திகதியை அல்ல, முதல் அறிகுறியின் திகதியை. ஜூலை 8இல் வைத்தியரிடம் போய் ‘ஒரு வாரமாகச் சாப்பிடவில்லை’ என்றால், அந்த வரி அட்டையில் ஏறும், கோரிக்கையும் அதோடு போய்விடும். இதற்காகப் பொய் சொல்லச் சொல்லவில்லை. சோர்வு கண்ட அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள், அதுதான் நாய்க்கும் நல்லது.

தடுப்பூசி அட்டையையும் பாருங்கள். பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கு ஊசி தவறியிருந்தால், காத்திருப்பு முடிந்த பிறகும் அந்த நோய்களை மறுக்கும் நிபந்தனை பல பத்திரங்களில் உண்டு. வெள்ளம் ஏறும் தாழ்ந்த பகுதிகளில் இருப்பவர்கள் எலிக்காய்ச்சல் ஊசியை வருடாவருடம் போடத் தவறக் கூடாது.

கேள்வி: காப்புறுதி எடுத்து நான்கு மாதமாகிறது. மதிலால் பாய்ந்த எங்கள் நாய்க்கு முழங்காலில் நார் அறுந்துவிட்டது. பாய்ந்து வந்தது விபத்துத்தானே? – வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: உங்களுக்கு விபத்து, பத்திரத்துக்கு அநேகமாக இல்லை. நாயின் முழங்கால் இணைப்பு நார் பெரும்பாலும் மாதக்கணக்கில் நைந்து, கடைசிப் பாய்ச்சலில்தான் அறுகிறது. அதனால் இதையும் இடுப்பு மூட்டுக் கோளாறையும் தனியாகப் பிரித்து ஆறு மாதம் வரை காத்திருப்பு வைக்கிறார்கள். ‘எலும்பு, மூட்டு’ என்ற தலைப்பைத் தேடி வாசியுங்கள். விபத்துக்குக் கொடுக்கும் வரைவிலக்கணத்தில் நார் அறுதல் சேர்க்கப்பட்டிருந்தால் விடாமல் கோருங்கள். ஒரு கால் போன நாய்க்கு மற்றக் காலும் போவது சர்வசாதாரணம். ஆகவே ‘இருபக்க’ நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் மற்றக் காலுக்கும் பணம் கிடையாது. புதிதாக எடுப்பவர்கள், ஆரம்பத்திலேயே வைத்தியரின் மூட்டுப் பரிசோதனைச் சான்று கொடுத்தால் இந்த ஆறு மாதம் குறையுமா என்று கேட்கலாம். சில நிறுவனங்கள் குறைக்கின்றன.

கேள்வி: வேறு நிறுவனத்தில் கட்டுப்பணம் குறைவு. மாறலாமா? – வாசகி, தெஹிவளை

பதில்: மாறினால் காத்திருப்பு முதலாம் நாளிலிருந்து தொடங்கும். இதுவரை வந்த நோயெல்லாம் புதிய இடத்தில் ‘முன்பே இருந்தது’ ஆகிவிடும். தோல் ஒவ்வாமை, காதுப் புண் என்று அடிக்கடி வைத்தியரிடம் போகும் நாயானால் மாறாதீர்கள், மிஞ்சும் காசு ஈடாகாது. சுகமான இளம் நாயானால், பழையது முடிய ஒரு மாதம் இருக்கும்போதே புதியதைத் தொடங்குங்கள், 30 நாள் காத்திருப்பால் இடைவெளி விழாது. அதே நிறுவனத்தில் புதுப்பிப்பவர்களும் ஒரு நாள்கூடத் தவறவிடக் கூடாது. காப்புறுதித் தொகையைக் கூட்டினால், கூட்டிய பங்குக்கு மட்டும் புதிதாகக் காத்திருக்கச் சொல்வார்கள்.

மறுப்பில் நியாயமில்லை என்று தோன்றினால், எந்த நிபந்தனையின்படி மறுத்தார்கள் என்பதை இலக்கத்தோடு எழுத்தில் கேளுங்கள். முதல் முறைப்பாடு நிறுவனத்துக்கே போக வேண்டும். அங்கே தீராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி, இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு என்று இரண்டு வாசல் கொழும்பிலேயே உண்டு. பத்திரம், கட்டுப்பணப் பற்றுச்சீட்டு, வைத்தியர் எழுதிய முழுக் குறிப்பு, மறுப்புக் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை முறைப்பாட்டோடு இணையுங்கள்.