கிராமத்துப் பெண்கள் ஏன் வீட்டிலேயே பிள்ளை பெற்றார்கள்? விழிப்புணர்வு இல்லாததாலா?

"அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம்தானே, அப்படியும் ஏன் போகவில்லை, விழிப்புணர்வு இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சமூகப்பணி படிக்கிறவர் போலிருக்கிறது. ப்ராஜெக்டுக்காகக் கேட்டிருந்தால் தப்பில்லை. ஆனால் அந்த விழிப்புணர்வு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் வீட்டில் ஒன்று, ஆஸ்பத்திரியில் ஒன்று பெற்றவள். ஊர் கல்லல் பக்கம். அம்மாவுக்கு ஒரு செட்டியார் வீட்டில் சமையல் வேலை. அந்த வீட்டுப் பின்கட்டை ஒட்டிய ஓட்டு வீட்டில் குடியிருந்தோம்.

1992 மார்கழியில் தலைச்சன் பிரசவம். ராத்திரி பத்து மணிக்கு மேல் வலி கண்டது. காரைக்குடிக்குக் கடைசி பஸ் போயாச்சு. தெருவில் இருந்த ஒரே காரும் பெரிய வீட்டு ஐயாவோடு மெட்ராஸ் போயிருந்தது. மாட்டு வண்டியில் குலுங்கிக் குலுங்கிப் போய் நடுவழியில் பெற்றுக்கொள்வதா? அப்பா லாந்தர் எடுத்துக்கொண்டு மருத்துவச்சியைக் கூப்பிடப் போனார்.

மருத்துவச்சியைப் பத்தாம்பசலி என்று நினைத்துவிடாதீர்கள். அரசாங்கம் பயிற்சி கொடுத்து ஒரு பெட்டியும் தந்திருந்தது. பிளேடையும் நூலையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டுத்தான் எடுத்தார். பெரிய வீட்டு ஆச்சிக்கு மூன்று பிள்ளைகளையும் எடுத்தது அவர்தான். ஆனாலும் முகப்பு வழியாக அவர் அந்த வீட்டுக்குள் போய் நான் பார்த்ததில்லை, கொல்லை வாசல்தான். என்னைச் சுவரோரம் குந்த வைத்து, இடுப்பில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டே, "இன்னுங் கொஞ்சந்தான் தாயி, பல்லைக் கடிச்சுக்க" என்று விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தார். அம்மா என் தலையை மடியில் வைத்திருந்தாள். கூலி ஒரு சேலையும் ரெண்டு மரக்கால் நெல்லும்.

(பிறப்பைப் பதிய யாருக்கும் தோன்றவில்லை. மூத்தவளுக்குப் பிறந்த தேதி பள்ளிக்கூடத்து வாத்தியார் போட்ட ஜூன் மாதம்தான். இன்றைக்கும் அவள் மார்கழியில் ஒரு பிறந்தநாள், ஆதாரில் ஒரு பிறந்தநாள் கொண்டாடுகிறாள்.)

இரண்டாவது 1995-ல். ரத்தம் குறைவு, கால் வீங்கியிருக்கிறது, இந்தத் தடவை வீட்டில் வேண்டவே வேண்டாம் என்று கிராம நர்ஸ் ஒற்றைக் காலில் நின்றார். ஆஸ்பத்திரி எது என்று சொல்ல மாட்டேன். அம்மாவை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. வலியில் கத்தினேன். "ஏற்கெனவே பெத்தவதானே, என்ன கத்து?" என்று நர்ஸ் தொடையில் ஓங்கி ஓர் அடி போட்டார். பிள்ளையைத் துடைத்துக் காட்டுவதற்கு ஆயாவுக்குப் பணம். இலவசம் என்கிறீர்களே, ஆண் பிள்ளைக்கு ஒரு ரேட், பெண் பிள்ளைக்கு ஒரு ரேட். எனக்கு இரண்டாவதும் பெண், அதனால் சலுகை விலை.

அப்புறம்தான் அது நடந்தது. நஞ்சுக்கொடி விழுந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை. கருப்பை சுருங்கவில்லையாம். வயிற்றைப் பிசைந்து, ஊசி மேல் ஊசி போட்டு, ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்து, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி என்னை இழுத்துப் பிடித்தார் ஒரு நர்ஸ். அடித்தவரேதான். மருத்துவச்சியிடம் அந்த ஊசியும் கிடையாது, ரத்தமும் கிடையாது. அப்படிக் கொட்டினால் ஒன்றிரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. வீட்டில் இருந்திருந்தால் இதை எழுத நான் இல்லை. இப்போது அந்த நர்ஸை எங்காவது பார்த்தால் காலில் விழுவேனா, சண்டைக்குப் போவேனா, எனக்கே தெரியாது.

"அப்படியானால் வீட்டுப் பிரசவத்தை ஆதரிக்கிறீர்களா" என்று கமெண்டில் யாரும் வர வேண்டாம். மேலே எழுதியதை இன்னொரு முறை படியுங்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: ஆஸ்பத்திரி நல்லது என்று எங்களுக்குத் தெரியும். ராத்திரி வண்டி கிடையாது, கூட யாரையும் விட மாட்டார்கள், மானம் போகும், கையில் காசு வேண்டும். இதில் எது அறியாமை?

இவை மாறியதும் ஜனங்கள் தானாகப் போனார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்ஸுகளை முறை வைத்து 24 மணி நேரமும் இருக்கச் செய்தார்கள். 2008-ல் 108 வண்டி வந்தது. 90-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளை வீட்டில் பிறந்தது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 100-க்கு 99.6 பிரசவம் மருத்துவமனையில். என் மூத்தவள் பெற்றதும் எங்கள் சுகாதார நிலையத்தில்தான். என்னை உள்ளே விட்டார்கள், அவள் தலை என் மடியில். கர்ப்பிணிகளுக்கு அரசு உதவி தரும் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில், சத்துப் பெட்டகத்தின் மதிப்பையும் சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய் உண்டு.

இன்றைக்கு வேண்டுமென்றே வீட்டில் பெறுகிறவர்களில் பெரிய படிப்புப் படித்தவர்களும் இருக்கிறார்கள். 2018-ல் திருப்பூரில் யூடியூப் பார்த்துப் பிரசவம் பார்த்ததில் செத்துப்போன பெண் ஒரு டீச்சர். அவர்களுக்கு என்ன விழிப்புணர்வு முகாம் நடத்துவீர்கள்? ஆபரேஷன் பயம் என்கிறார்கள். தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிகளில் 100-க்கு 64 பேருக்கு வயிற்றைக் கிழிக்கிறார்கள் என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது, அந்தப் பயத்தையும் நான் சும்மா தள்ளிவிட மாட்டேன். ஆனாலும் வீடு அதற்கு வழியில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, மனது கேட்கவில்லை. அந்தப் பெரிய வீடு இப்போது ஹோட்டல். பர்மா தேக்குத் தூணுக்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், வாழையிலையில் நம்ம ஊர் உக்காரை பரிமாறுகிறார்களாம். எங்கள் ஓட்டு வீட்டை இடித்துவிட்டார்கள், மூத்தவள் பிறந்த இடத்தில் நீச்சல் குளம். போன பொங்கலுக்குப் பேத்தி, "அம்மா பொறந்த எடத்தக் காட்டு" என்று ஒரே பிடிவாதம். கூட்டிப் போனேன். ரூம் போட்டிருக்கிறீர்களா என்று வாட்ச்மேன் கேட்டார்.