மரச்சேணத்தில் அமர்ந்து மான் வேட்டை: கேள்வி பதில்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வெண்வால் மானுக்கான வில்வேட்டைப் பருவம் ஆண்டுதோறும் அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. வேட்டைக்காரர்கள் ‘சேடில்’ என்றழைக்கும் இலேசான மரச்சேணத்தைப் பற்றி அன்பர்கள் சிலர் கேட்டிருந்த கேள்விகளுக்கு, நெடுங்காலம் பரணில் அமர்ந்திருந்துவிட்டுப் பின்னர் சேடிலுக்கு மாறியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேன்டன் அன்பர்: ஐயா, சேடில் என்பது இருக்கையா, பாதுகாப்புப் பட்டையா?

இருக்கைதான், ஆனால் கயிற்றில் தொங்கும் இருக்கை. இடுப்பையும் தொடையின் மேற்பகுதியையும் அணைத்துத் தாங்கும் அகலமான துணியின் இரு பக்கங்களையும் முன்புறமாக ஒரு சிறு கயிறு இணைக்கிறது. இதனைப் பிரிட்ஜ் என்பார்கள். மரத்தைச் சுற்றிக் கட்டிய டெதர் என்னும் கயிற்றில் பிரிட்ஜைக் கேராபைனர் என்னும் பூட்டுக்கொக்கியால் மாட்டி, மரத்தைப் பார்த்தபடி பின்னால் சாய்ந்தால், உடலின் எடையில் பெரும்பகுதியைக் கயிறு ஏற்றுக்கொள்ளும். எஞ்சியது ஒரு சிறிய மிதிதட்டில் ஊன்றிய கால்களுக்கு. நம் ஊர்ப் பனையேறி காலில் தளைநாரும் தம் கைவலிமையும் கொண்டு மரத்தைப் பற்றுகிறார். இங்கே அந்தப் பிடியைக் கயிறு செய்துவிடுவதால், இரு கைகளும் வில்லுக்காக விடுபட்டிருக்கின்றன. இது நேற்று வந்த பொருளன்று. இம்மாநிலத்தின் வில்வேட்டைக்காரர் ஜான் எபர்ஹார்ட் 1980களிலிருந்தே இவ்வாறு வேட்டையாடி வருபவர்.

லான்சிங் அன்பர்: விளம்பரத்தில் ஒரு கிலோவுக்கும் குறைவு என்கிறார்கள். உண்மையா?

சேடிலுக்கு மட்டும் உண்மை. மரமேற, அடிமரத்தில் கட்டும் படிக்கோல்களான கிளைம்பிங் ஸ்டிக்குகள் நான்கு, மிதிதட்டு, கயிறுகள் எல்லாம் சேர்ந்தால் முதுகில் ஏறும் சுமை ஆறேழு கிலோவாகிவிடும். ஆளோடு சேர்ந்து மரத்தில் ஏறும் பரண் ஒன்பது, பத்து கிலோ இருக்கும். ஆகவே எடைக்காக மட்டும் மாறுபவர்கள் ஏமாற்றமடையக்கூடும். என் கணிப்பில் மெய்யான ஆதாயம் வேறு. அத்தகைய பரணுக்குக் கிளையற்ற, நேரான மரம் வேண்டும். சேடிலுக்கோ வளைந்ததும் கவைத்ததும் போதுமானவை. மான் நடக்கும் தடத்தின் அருகே நேரான மரம் வாய்ப்பது அரிது என்பதைக் காட்டில் அலைந்தவர்கள் அறிவார்கள்.

கிராண்ட் ராப்பிட்ஸ் அன்பர்: விழுந்துவிட்டால் சேடில் காப்பாற்றுமா?

விழவே விடாமல் இருப்பதுதான் சேடிலின் வேலை. விழும் உடலை இடைவழியில் நிறுத்துவதற்கான முழு உடல் பட்டை வேறு, சேடில் வேறு. டெதர் எப்போதும் இறுக்கமாக இருக்கும்வரை கால் வழுக்கினாலும் சில அங்குலங்கள் சரிந்து, மரத்தில் தோள் இடித்து நிற்பீர்கள். கயிறு தொய்ந்திருந்தால் அதே வழுக்கல் ஒரு வீழ்ச்சியாகிவிடும். எளிதில் நீளாத கயிறு என்பதால் அந்த அதிர்ச்சி நேராக இடுப்பிலும் முதுகிலும் இறங்கும். என் முதல் பருவத்தில், இன்னும் சற்று உயரத்தில் நின்றால் நன்றாகத் தெரியுமே என்று மேல் ஸ்டிக்கின்மீது ஏறி நின்றேன்; டெதரை மேலே நகர்த்த மறந்தேன். கால் நழுவிய இறக்கம் ஓர் அடிகூட இராது, ஆயினும் விலா எலும்பு மூன்று வாரம் வலித்தது. அன்றுமுதல் ஒவ்வோர் அசைவுக்கு முன்னும் டெதரில் மேலும் கீழும் நகர்த்தி இறுக்கும் புருசிக் முடிச்சை விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

ஏறும்போதும் இறங்கும்போதும் லைன்மேன் கயிறு, அதாவது இடுப்பின் இரு பக்கமும் மாட்டும் கயிறு, மரத்தைச் சுற்றியிருக்க வேண்டும். மேலே சென்றதும் முதலில் டெதரை மாட்டி, அதில் எடையைச் சாய்த்துச் சோதித்த பின்னரே லைன்மேன் கயிற்றைக் கழற்றுங்கள். இறங்கும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள். வில்லை அம்பு பூட்டாமல் தனிக்கயிற்றால் மேலே இழுத்துக்கொள்ளுங்கள்.

அதே அன்பர்: ஒரு மணி நேரத்தில் இடுப்பு நசுங்குவதுபோல் வலிக்கிறதே?

பெரும்பாலும் டெதரின் உயரத்தில்தான் பிழை இருக்கும். சாய்ந்து நிற்பவர்கள் தலைக்குச் சற்று மேலாகவும், உட்காருபவர்கள் நெற்றியளவிலும் கட்டிப் பார்த்து, அங்குலம் அங்குலமாக மாற்றிக்கொள்ளுங்கள். பிரிட்ஜைச் சற்று நீட்டினால் இரு பக்கமும் இடுப்பை அழுத்துவது குறையும். முட்டியை மரத்தில் ஊன்றி உட்காருவதற்கு முட்டிப்பட்டை அவசியம்.

ஆன் ஆர்பர் அன்பர்: மான் எந்தப் பக்கம் வருமாறு மரத்தைத் தேர்ந்தெடுப்பது?

வலக்கையால் நாண் இழுப்பவருக்கு, மரத்தைப் பார்த்து நிற்கையில் இடப்பக்கம்தான் எளிது. வலப்பக்கம் வந்தால் மரத்தைச் சுற்றித் திரும்ப வேண்டும். அந்த அசைவைப் பெண்மான் பார்த்துவிடும். ஆகையால் தடம் உங்களுக்கு முன்னால் இடப்புறமாக, மரத்துக்கு அப்பால் விழுமாறு அமையுங்கள். மரமே உங்களுக்கு மறைப்பாகும். மற்றொன்று, ஓசை. கேராபைனர் மிதிதட்டில் ஒருமுறை ‘டிங்’ என்று படுவது போதும், நாற்பது கெஜத்தில் நிற்கும் மான் காதைத் திருப்பிவிடும். உலோகம் உலோகத்தோடு மோதும் இடங்களிலெல்லாம் துணிநாடா சுற்றிவிடுங்கள்.

மரம் உயிருள்ளதாக இருக்க வேண்டும். இங்கு ஆஷ் மரத்தைக் கண்டால் எச்சரிக்கை தேவை. 2002இல் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்ட மரகத நிறத் துளைவண்டு அவ்வினத்தைப் பெருமளவில் கொன்றுவிட்டது. அடிமரம் திடமாகத் தோன்றும், மேலே கொப்புகள் சொல்லாமல் ஒடியும். அரசின் பொதுநிலத்தில் பட்டையைத் துளைக்கும் திருகுப்படிகளுக்கு அனுமதியில்லை என்பதால் நாடாவால் கட்டும் ஸ்டிக்குகளையே வாங்குங்கள்.

டிராய் அன்பர்: விடுமுறைக்கு ஊருக்குக் கொண்டுபோனால் அங்கே பயன்படுமா?

வேட்டைக்குப் பயன்படாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் புள்ளிமானை வேட்டையாடுவது குற்றம். மாமரத்தில் காய் பறிக்க வேண்டுமானால் எடுத்துச் செல்லுங்கள்.

நோவை அன்பர்: வாங்கிய வாரத்திலேயே இருபதடி ஏறலாமா?

வேண்டாம். வீட்டுக் கொல்லையில் மிதிதட்டைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் கட்டி, குளிருக்கு அணியப்போகும் அதே தடித்த உடைகளுடன் பத்து மாலைகள் அமருங்கள். இருட்டில், கையுறையோடு, டெதரை மாட்டவும் கழற்றவும் பழகுங்கள். அதிகாலை ஐந்து மணிக்கு, உறைந்த விரல்களோடு, அதைத்தான் நீங்கள் செய்ய வேண்டியிருக்கும்.