தலையாட்டலை நம்பாதீர்கள்: ஆசிரியர் தன்னைத்தானே மதிப்பிடுவது பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: வகுப்பு நல்லாத்தான் போகுதுன்னு எனக்குத் தோணுது. அது நிஜமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

ஒலிப்பதிவிலிருந்து. வீடியோ இப்போதைக்கு வேண்டாம். முதல் தடவை பார்ப்பவர்கள் பாடத்தை விட்டுவிட்டுத் தன் உடையையும் கையசைவையும்தான் பார்ப்பார்கள். நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, மாணவர்களிடமும் சொல்லிவிட்டு, போனை மேசைமேல் வையுங்கள். வகுப்பு நடந்த அன்றே கேளுங்கள். முழுவதையும் கேட்க வேண்டாம், நடுவில் ஒரு பத்து நிமிடம் போதும்.

ஒரு தாளில் மூன்று விநாடிக்கு ஒரு குறி போடுங்கள். விளக்குகிறீர்களா, கேள்வி கேட்கிறீர்களா, மாணவர் பேசுகிறாரா, அமைதியா என்று நான்கே வகை. பத்து நிமிடத்துக்கு 200 குறி வரும். இது வகுப்பறைப் பேச்சை ஆராய்ந்த கல்வி ஆய்வாளர் நெட் ஃபிளாண்டர்ஸ் வகுத்த முறையின் சுருக்கம். அவருடையதில் பத்து வகை உண்டு. வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு பேச்சு, அந்தப் பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையது என்பது அவர் கண்ட பொதுப்போக்கு.

உங்களுடையது அதைவிடக் கூடினால் பதற வேண்டாம். புதுக் கருத்தை அறிமுகம் செய்யும் நாளில் அப்படித்தான் இருக்கும். பயிற்சிக் கணக்கு போடும் நாளிலும் அப்படியே இருந்தால்தான் யோசிக்க வேண்டும். கூடவே இன்னொன்றையும் எண்ணுங்கள்: எத்தனை *வெவ்வேறு* மாணவர்களின் குரல் கேட்கிறது? நாற்பது பேர் வகுப்பில் நாலே குரல் என்றால் அந்த வாரத்துக்கு அது ஒன்றே வேலை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். எண்ணி முடித்ததும் பதிவை அழித்துவிடுங்கள்.

கேள்வி: நாலு குரல்கூட இல்லை சார். கேள்வி கேட்டா எல்லாரும் மரம் மாதிரி உட்கார்ந்திருக்காங்க.

கேட்டபின் எத்தனை விநாடி காத்திருக்கிறீர்கள்? 1970களில் அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ அளந்து பார்த்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாமல் இருந்தது குறைந்தது. காத்திருக்க வேண்டிய இடம் இரண்டு: கேள்விக்குப் பின், மாணவன் பதில் சொல்லி முடித்த பின். இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை. அவன் மூச்சு வாங்குவதற்குள் "சரி, குட்" என்று மூடிவிடுகிறோம்.

பலருக்கும் இது கெடுவது எங்கே என்றால், அமைதி தாங்காமல் அதே கேள்வியை வேறு சொற்களில் திரும்பக் கேட்பதில். யோசிக்கத் தொடங்கியவன் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கேள்வியை முதலில் சொல்லுங்கள், பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்களுக்கு விடுமுறை. வாய்ப்பாடு ஒப்பிக்கும் கேள்விக்கு இதெல்லாம் தேவையில்லை.

கேள்வி: "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா தலையாட்டுறாங்க. தேர்வில் கோட்டை விடுறாங்க.

கேட்டது உங்கள் தவறு. புரியாதவனுக்குத் தனக்குப் புரியவில்லை என்பதும் பாதி நேரம் தெரியாது. மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு கேள்வி, துண்டுத்தாள், மூன்று நிமிடம். மதிப்பெண் கிடையாது. தாள்களை மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: சரி, வழி சரி ஆனால் நடுவில் சறுக்கியது, தொடக்கமே தவறு. நடு அடுக்கு பெரிதானால் மறுநாள் முதல் ஐந்து நிமிடத்தில் அந்தப் படியை மட்டும் திருத்தலாம். மூன்றாவது அடுக்கு பெரிதானால் வேறு உதாரணத்தோடு மறுபடி நடத்துங்கள். அதே விளக்கத்தை இன்னும் சத்தமாகச் சொல்வதில் பயனில்லை. கரும்பலகையில் போட்ட கணக்கின் எண்ணை மட்டும் மாற்றிக் கேட்காதீர்கள், எல்லாத் தாளும் முதல் அடுக்குக்கே போய்விடும்.

கேள்வி: இதுக்கெல்லாம் எந்த ஆப் நல்லது?

தாளும் பேனாவும்.

கேள்வி: மாணவர்களிடம் கருத்துக் கேட்க 20 கேள்வி கொண்ட படிவம் தர முடியுமா?

இருபது கேட்டால் எல்லாவற்றிலும் நாலாவது கட்டத்தை டிக் அடித்துத் தருவார்கள். மூன்று போதும். எந்த இடத்தில் தொலைந்துபோனீர்கள்? எது உதவியது? நான் எதை நிறுத்தலாம்? பெயர் இல்லாமல், பருவத்தின் நடுவில் கேளுங்கள். கடைசியில் கேட்டால் அதன் பலன் அடுத்த ஆண்டு மாணவர்களுக்குத்தான்.

கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் மறுக்கிறார்: மாணவர் கருத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. சிரிக்கவைப்பவருக்கு ஐந்து, வேலை வாங்குபவருக்கு இரண்டு.

பாதி சரி. 1970இல் ஒரு நடிகரை 'டாக்டர் ஃபாக்ஸ்' என்ற பெயரில் நிபுணராக மேடையேற்றி, உள்ளடக்கமே இல்லாத உரை ஒன்றை நிகழ்த்தவைத்தார்கள். கேட்டவர்கள் மனநலத் துறையினர், கல்வியாளர்கள். நல்ல மதிப்பீடு கொடுத்தார்கள். 2019இல் வெளிவந்த ஹார்வர்டு இயற்பியல் ஆய்வில், தாங்களே மோதிக் கற்ற மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் வழவழவென்ற விரிவுரையில்தான் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள்.

இடையில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை: அப்போ பிள்ளைங்க சொல்றதைக் கேட்கவே வேண்டாமா? போர்டுல எழுத்து தெரியலைன்னு அவங்கதானே சொல்லணும்?

அதுதான் மீதிப் பாதி, மேடம். வகுப்பில் என்ன நடந்தது என்பதற்கு மாணவர் நல்ல சாட்சி. தான் எவ்வளவு கற்றேன் என்பதற்கு நல்ல நீதிபதி இல்லை. "வேகமாகப் போனீர்கள்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். "சிறந்த ஆசிரியர்" என்பதைச் சந்தோஷமாக வாங்கி உள்ளே வையுங்கள்.

பேராசிரியர் மறுபடி: நிர்வாகம் அதை வைத்துத்தானே பதவி உயர்வு முடிவு செய்கிறது!

அது திருத்திக்கொள்வது இல்லை, தரம்பிரிப்பது. இரண்டுக்கும் ஒரே படிவத்தை வைத்தால் இரண்டுமே கெடும். கணக்காகவே வாதாடுங்கள்: 12 பேர் வகுப்பில் பத்துப் பேர் 4 போட்டு, கோபத்தில் இருவர் 1 போட்டால் சராசரி 3.5 ஆகிவிடும். சராசரியை மட்டும் காட்டாமல் எத்தனை பேர் எதைப் போட்டார்கள் என்று காட்டச் சொல்லுங்கள். இந்த வாதத்தை இங்கே முடித்துக்கொள்வோம், கேள்விகள் தேங்கிக் கிடக்கின்றன.

கேள்வி: முன்தேர்வில் என் ஒரு பிரிவு 40, பின்தேர்வில் 55. இன்னொரு பிரிவு 70லிருந்து 82. முதல் பிரிவில்தான் நல்லா நடத்தியிருக்கேனா?

கூடிய மதிப்பெண்ணை, நூறை எட்ட இன்னும் எவ்வளவு கூடியிருக்க முடியுமோ அதால் வகுங்கள். முதலாவது 15/60, அதாவது 0.25. இரண்டாவது 12/30, 0.4. கதை தலைகீழ். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக் 1998இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இயற்பியல் மாணவர்களின் தரவைத் தொகுத்தபோது விரிவுரை வகுப்புகளின் சராசரி 0.23, ஊடாடிக் கற்ற வகுப்புகளுடையது 0.48. அவை கருத்துப் புரிதல் தேர்வுகள். உங்கள் வினாத்தாளை அவற்றோடு ஒப்பிடாதீர்கள், உங்கள் பிரிவுகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். முன்தேர்வில் கடைசி பத்துப் பேரை மட்டும் எடுத்து "இவர்கள் உயர்ந்தார்கள்" என்று மகிழவும் வேண்டாம். அன்று சும்மா சறுக்கியவர்கள் எப்படியும் மேலே வருவார்கள்.

கேள்வி: ஒரு கேள்விக்குப் பாதி வகுப்பு தப்பா எழுதினா, தப்பு பாடத்திலா, கேள்வியிலா?

நல்ல கேள்வி. மொத்த மதிப்பெண் வரிசையில் மேலே உள்ள 27 சதவீத மாணவர்களையும் கீழே உள்ள 27 சதவீத மாணவர்களையும் எடுங்கள். நாற்பது பேரில் பதினொருவர் வீதம். மேலே 9 பேரும் கீழே 4 பேரும் சரியாக எழுதியிருந்தால் (9−4)/11, 0.45: கேள்வி நன்றாகப் பிரிக்கிறது, பாடத்தைப் பாருங்கள். 0.2க்குக் கீழே வந்தால் கேள்வியைச் சந்தேகியுங்கள். எதிர்மறையாக வந்தால் முதலில் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள்.

கேள்வி: புரிஞ்சுதான்னு கேட்டா ஆமாங்கிறாங்க, ஆனா…

மேலே துண்டுத்தாள் பதிலைப் படியுங்கள். இன்னும் இரண்டு பேர் இதையே கேட்டிருக்கிறார்கள், அவர்களும்.

கேள்வி: பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிரித்து நடத்தினால்?

அப்படிப் பிரித்து நடத்துவதால் பலன் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008லேயே ஆய்வாளர்கள் அலசிச் சொல்லிவிட்டார்கள். உங்கள் நேரம் விலையுள்ளது.

கேள்வி: சக ஆசிரியரை வகுப்பில் உட்காரவெச்சேன். "நல்லா இருந்துச்சு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

வேறென்ன சொல்வார், நாளைக்கும் முகம் பார்க்க வேண்டுமே. அபிப்பிராயம் கேட்காதீர்கள், எண்ணிக்கை கேளுங்கள். இருக்கை வரைபடம் ஒன்றைக் கொடுத்து, யார் பேசினாலும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இருபது நிமிடம் போதும். வெறுமையாக இருக்கும் கட்டங்களே பேசிவிடும்.

கேள்வி: கடைசி வரிசைப் பையன்கள் சண்டை போடுறாங்க.

அது வகுப்பு ஒழுங்கு, என் துறை இல்லை.

கேள்வி: ஆன்லைன் வகுப்புக்கு ஆப்…

இல்லை.

கேள்வி: நீங்க சொன்ன காத்திருப்பு, துண்டுத்தாள், கூடவே ஜோடி வேலை, புது இருக்கை அமைப்பு எல்லாத்தையும் ஒரே வாரத்துல ஆரம்பிச்சேன். மதிப்பெண் கூடியிருக்கு! எது வேலை செஞ்சது?

தெரியாது, இப்போது யாராலும் சொல்ல முடியாது. இதற்குத்தான் ஒரு நேரத்தில் ஒன்று என்றேன். இரண்டு பிரிவு எடுக்கிறீர்களா? ஒரு பிரிவில் ஜோடி வேலையை மட்டும் மூன்று வாரம் நிறுத்துங்கள், மற்றதில் தொடருங்கள். இரண்டிலும் அதே துண்டுத்தாள் கேள்வி. நடு அடுக்கிலும் மூன்றாவது அடுக்கிலும் எத்தனை தாள் என்று தேதி போட்டு எழுதுங்கள். ஒரே பிரிவு என்றால் மூன்று வாரம் நிறுத்தம், மூன்று வாரம் தொடர்ச்சி. இருக்கையைத் தொடாதீர்கள்.